பால் வடியும் நேரம்

ஜூன் 3, சனி

பறக்கும் தவளை கிடைத்தது. ஓடைத் தேக்கத்துக்கு மேலே தாழ்ந்த கொம்பில் நுரைக்கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஞானபாய் காட்டினாள், நான் எடுத்தேன். இருபத்தொன்பதாவது படம்.

புத்தகத்துக்கு முப்பது வேண்டும். எங்கள் மாவட்டத்துத் தவளை, பல்லி, பாம்புகளைப் பற்றிச் சென்னைப் பதிப்பகம் ஒன்று தமிழில் கொண்டுவரப் போகிறது. படங்களும் குறிப்புகளும் என்னுடையவை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது எப்படி வாய்த்தது என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். உண்மையில் ஞானபாயால் வாய்த்தது. மூன்று வருடம் முன்பு பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு பச்சைப்பாம்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வாளியோடு வந்தவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பாடு, மேலே வந்தால் இதைவிட நல்லதைக் காட்டுகிறேன் என்றாள். அன்றைக்கே போனேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை தப்பியதில்லை.

அவள் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறாள். விடிவதற்கு முன் ஆரம்பித்து எட்டு, எட்டரைக்குள் முந்நூறு மரம் வெட்டி முடித்துவிடுவாள். பால் சிரட்டையில் சொட்டி நிறைய பத்தரை ஆகும். அதன்பிறகுதான் வாளியோடு எடுக்கப் போக வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுடையது.

பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, கூம்புமூக்கு விரியன். மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கி நிற்கும், முழ நீளமுள்ள பழுப்புப் பாம்பு. ஞானபாய் சுருட்டை என்கிறாள். என்னிடம் பதினொரு படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் சருகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறது. பதிப்பாசிரியர் கோதண்டம் ஜூலை கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். முகம் தெரிய வேண்டும், கண் தெரிய வேண்டும், அதுதான் புத்தக அட்டைக்கு என்றார்.

அட்டைக்கு என்று அவர் சொன்னதை ஞானபாயிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஜூன் 10, சனி

ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டை கடித்த இடம் அரிக்கிறது. லென்ஸ் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கிறது, அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன். காஸ் முடிந்துவிட்டது.

பாறையில் உட்கார்ந்து இருவரும் அவள் கொண்டுவந்த மரச்சீனிக்கிழங்கைச் சாப்பிட்டோம். எடுத்த படங்களைக் கேமரா திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்வாள். எந்தப் பிராணியாக இருந்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். போன வாரத்துத் தவளையின் கண்ணைப் பார்த்து, "இதுக்கு ஒரு கவலையும் இல்ல பாருங்க" என்றாள். புத்தகத்தில் அவள் பெயர் வருமா என்று கேட்டாள். முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் வரும் என்றேன். அவள் கணவன் தாசையன் கொத்தனார். சனிக்கிழமை சனிக்கிழமை டீச்சரோடு பாம்பு தேடப் போவது அவனுக்குப் பிடிக்காதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜூன் 17, சனி

பள்ளியில் சிறப்பு வகுப்பு. போகவில்லை.

ஜூன் 24, சனி

ஓடைக்கு அக்கரையில் விழுந்து கிடக்கும் மரத்தடியில் ஒரு சுருட்டை நான்கு நாளாக இடம் மாறாமல் கிடக்கிறது என்று ஞானபாய் சொன்னாள். விறகு பொறுக்கப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அக்கரை காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று வனத்துறைப் பலகை இருக்கிறது. அனுமதிக்கு எழுதிப்போட்டால் இரண்டு மாதமாகும்.

வேலை நேரத்தில் தோட்டத்தை விட்டுப் போனால் மேஸ்திரி வைவார் என்று அவள் தயங்கினாள். பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்றேன். போனோம். அழகான சுருட்டை, புதிதாகச் சட்டை உரித்த நிறம். ஞானபாய் குச்சியால் சருகை விலக்கப் பார்த்தாள். குச்சி பட்டதும் தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது. மழையும் பிடித்துக்கொண்டது. திரும்பிவந்தபோது சிரட்டைகளில் மழைத்தண்ணீர் விழுந்து ஏழெட்டு மரத்துப் பால் வீணாகியிருந்தது. அவள் அந்தச் சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டினாள்.

குச்சியால் காரியம் நடக்காது.

ஜூலை 1, சனி

ஞானபாயைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எழுத ஓடவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அதே மரத்தடிக்குப் போனோம். பாம்பு அங்கேயேதான் இருந்தது. அதன் தலைமேல் ஒரு இலை கிடந்தது. ஞானபாய் அதை எடுக்கப் போனாள். கை சற்றுப் பக்கத்தில் போய்விட்டது. வலது ஆள்காட்டி விரலில் கடித்துவிட்டது. உடனே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இரண்டு சிறிய புள்ளிகள். காட்டில் இப்படி நடப்பதுண்டு, யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

செய்யக் கூடாத எதையும் நான் செய்யவில்லை. கட்டவில்லை, கீறவில்லை. கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஐம்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி கொண்டுபோனேன். வழியில் கை முழங்கை வரை வீங்கியது. என் முதுகில் தலையைச் சாய்த்திருந்தாள். இருவரும் பேசிக்கொண்டது ஒன்றே ஒன்று. காட்டுக்குள் என்று சொல்ல வேண்டாம், தோட்டத்தில் பால்வெட்டும்போது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு வேலை போகக் கூடாது. எனக்கும் பள்ளியில் கேள்வி வரக் கூடாது. அவள் "செரி டீச்சர்" என்றாள்.

டாக்டர் மெர்லின் என்று ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்தார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது உறையாமல் தண்ணீர்போல ஓடியது. என்ன பாம்பு, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். ஞானபாய் என்னைப் பார்த்தாள். பிறகு சருகுக்குள் ஏதோ கொத்தியது என்று சொன்னாள்.

பாம்புக்கடி மருந்து ஏற்றினார்கள். கால்மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, குளிர் நடுக்கி, மூச்சுத் திணறியது. நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். சாயந்தரம் தாசையன் சாந்து படிந்த கையோடு வேலையிலிருந்து நேராக வந்தான். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜூலை 3, திங்கள்

பள்ளி. நான்கு பாடவேளை. ஒளிவிலகல். சாயந்தரம் ஆஸ்பத்திரி. வீக்கம் தோள் வரை வந்திருக்கிறது. இரத்தம் இன்னும் உறையவில்லை.

கேமராப் பையைத் திறக்கவில்லை.

ஜூலை 5, புதன்

நேற்று முதல் ஞானபாய்க்குச் சிறுநீர் பிரிவது குறைந்துவிட்டது. முகம் உப்பியிருக்கிறது. மருந்து இருபது குப்பி ஏற்றியும் பலன் தெரியவில்லை என்று டாக்டர் கவலைப்பட்டார். தாசையனையும் என்னையும் வெளியே கூப்பிட்டு மறுபடி கேட்டார். நிறம், நீளம், தோட்டத்தில் வேறு யாராவது அந்தப் பாம்பைக் கண்டார்களா, என்ன சின்ன விவரமானாலும் பரவாயில்லை என்றார். தாசையன் தோட்டத்துக்குப் போய் அவள் மரப்பத்தியை ஒட்டி வெட்டுகிற எல்லோரிடமும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறான். வெட்டுக்கத்தியால் ஒவ்வொரு மரத்தடியையும் கிளறிப் பார்த்தானாம்.

நான் சுவரோரம் நின்றேன். என்ன பாம்பானாலும் கொடுக்கிற மருந்து ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 6, வியாழன்

தலைவலி என்று அரைநாள் விடுப்பு எடுத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். புத்தகத்துக்கு ஏப்ரலில் நான் எழுதி அனுப்பிய குறிப்பை எடுத்துப் படித்தேன். என் வாக்கியத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்: ‘இதன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும், சிலருக்கு இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து இதன் நஞ்சுக்கு வேலை செய்வதில்லை.’

மருந்து ஒன்றுதானே என்று நேற்று எழுதியது இந்தக் கைதான். தெரியாமல் எழுதவில்லை.

பிறகு கேமராவைத் திறந்தேன். சனிக்கிழமை எடுத்தவை பதினான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் மணி, நிமிடம், விநாடி பதிந்திருக்கிறது. முதல் எட்டில் பாம்பு சுருண்டு கிடக்கிறது, மூக்கின்மேல் ஒரு ரப்பர் இலை. எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்த இலை. ஒன்பதாவதில் படத்தின் ஓரத்தில் ஞானபாயின் விரல்கள். நகத்தில் கறுத்த ரப்பர்க் கறை. பத்தாவது கலங்கியிருக்கிறது. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை இலை இல்லை. பாம்பு தலையைத் தூக்கி, மூக்கு நுனி நிமிர, கண்ணில் வெளிச்சம் விழ, நேராக என்னைப் பார்க்கிறது. மூன்று வருடமாக நான் தேடிய படம்.

பத்தாவதுக்கும் பதினான்காவதுக்கும் நடுவே ஒன்பது விநாடி.

உடனே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். உடனே இல்லை. அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் உட்கார்ந்த பிறகு நான் நான்கு படம் எடுத்தேன். அதன் பிறகுதான் எழுந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அவள் இலையை எடுக்கப் போனாள் என்று எழுதியதும் சரியல்ல. குச்சியைத்தான் எடுத்தாள். குச்சி வேண்டாம் என்றேன். "சுருட்டையாக்கும் டீச்சர்" என்று அவள் சொன்னாள். "இலைய மட்டும் கையால மெதுவா எடுத்திரு. நான் பாத்துட்டுதான நிக்கேன்" என்றேன்.

நான் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பை.

ஜூலை 7, வெள்ளி

காலை ஏழரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் மெர்லின் வரும்வரை அவர் அறைக்கு வெளியே நின்றேன். கேமராவை அவர் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காடு, இலை, விரல், பொய். ஒன்பது விநாடியை மட்டும் சொல்லவில்லை.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். யாருக்கோ போன் செய்து படங்களை அனுப்பி, உறுதி செய்துகொண்டு, மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேஸ் தாளில் எழுதினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தா கிட்னி பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனா அந்த இருபது குப்பி போட்டிருக்க மாட்டேன். மூச்சுத் திணறினப்போ அவங்க செத்திருக்கலாம். அதுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இன்று மத்தியானம் ஞானபாய்க்கு முதல் டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

தாசையனிடம் வராந்தாவில் சொன்னேன். தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"அப்பம் அது எதுன்னு உங்களுக்கு அண்ணைக்கே தெரியும்."

ஆமாம் என்றேன்.

"நான் மரத்துக்க மூடு ஒக்க கிளறிப் பாத்தேன் டீச்சர். நீங்க பாத்துட்டு நிண்ணியளே."

அவன் குரலை உயர்த்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனான். கதவை எனக்காகத் திறந்து பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு நாளாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 12, புதன்

வனச்சரக அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. நான்தான் அவளை அழைத்துப் போனேன், அவள் வரமாட்டேன் என்றாள் என்று எழுதிக்கொடுத்தேன். இனி அனுமதியின்றி நுழைய மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சாயா வாங்கிக் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். கவனமாக இருக்கக் கூடாதா என்றார்.

நான் எதற்குப் பயந்து அந்த ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது இவ்வளவுதான்.

ஜூலை 15, சனி

வாரம் மூன்று டயாலிசிஸ். வார்டுக்குப் போனேன். தாசையனின் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஞானபாய் தூங்குகிறாள் என்றாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை 22, சனி

வீட்டைக் கழுவினேன். ஒட்டடை அடித்தேன். பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்திரண்டு. ஒரு பெண் ‘லென்ஸ் என்பது பொருளை அருகில் கொண்டுவரும்’ என்று எழுதியிருக்கிறாள். பொருள் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று சிவப்பு மையில் எழுதினேன். ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஜூலை 29, சனி

கோதண்டம் போன் செய்தார். முப்பதாவது படம் எங்கே என்றார். எடுத்தாயிற்று, அனுப்புகிறேன் என்றேன். எப்படி வந்திருக்கிறது என்றார். நன்றாக வந்திருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

கம்ப்யூட்டரில் பதினான்கையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. கண்பாவையின் நெடுக்குக் கீறல்கூடத் தெளிவாக இருக்கிறது. எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் பரிசு வாங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், அது பதிவான நொடியில் எனக்கு இடப்பக்கம் நான்கடி தூரத்தில் ஒருத்தி தன் விரலை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கு வருகிறது. அந்த நான்கடி படத்தில் இல்லை.

மூன்றாவதை அனுப்பினேன். மூக்கின்மேல் இலை கிடக்கிற படம்.

ஜூலை 31, திங்கள்

"வத்சலா மேடம், இதுல பாம்பே தெரியலயே" என்றார் கோதண்டம். அப்படித்தான் இருக்கும், மிதிக்கிறவருக்கும் அப்படித்தான் தெரியும் என்றேன். அட்டைக்கு ஆகாது என்றார். ஆகாது என்றேன். பறக்கும் தவளையைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். பன்னிரண்டாவது ஒன்று இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. பதினொன்று முதல் பதினான்கு வரை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்தால் நான் எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, சனி

டாக்டர் மெர்லினைப் பார்த்தேன். ஞானபாய்க்குச் சிறுநீர் திரும்ப வர ஆரம்பித்திருக்கிறது என்றார். டயாலிசிஸ் வாரம் ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். படங்களைத் தன் வார்டு நர்சுகளுக்குக் காட்டலாமா என்று கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தேன். இலை கிடக்கிற படத்தை வைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விரலில் சதை அழுகி நுனி போய்விட்டது. மீதி விரல் மடங்காது. வெட்டுக்கத்தி பிடிக்க அந்த விரல் வேண்டும்.

ஆகஸ்ட் 26, சனி

ஞானபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. போய் மூன்று நாள் ஆகிறதாம்.

செப்டம்பர் 9, சனி

இன்று ஞானபாயைப் பார்க்கப் போகலாமென்று, ஸ்கூட்டரை எடுக்காமல், குலசேகரம் வரை பஸ்ஸில் போனேன். மேலே போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. ஒரு கடையில் சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

செப்டம்பர் 16, சனி

போனேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். தோட்டத்தைக் கடந்துதான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். வெட்டு முடிந்து சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பத்தியில் யாரோ ஒரு புதுப் பெண் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞானபாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருக்கிறாள். தோல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்றேன். தாசையன் வேலைக்குப் போயிருந்தான். டயாலிசிஸ் நின்றுவிட்டது, சிறுநீரகம் பாதிக்குமேல் திரும்பாது, ஆயுசுக்கும் மருந்து, உப்புக் கூடாது, குடிக்கிற வெள்ளம்கூட அளந்துதான் என்று அவளே சொன்னாள். பக்கத்தில் கோடு போட்ட ஒரு பாட்டில் இருந்தது. காலையில் நிரப்பி வைத்தால் ராத்திரி வரை அதுதானாம்.

கொண்டுபோன பழங்களை நீட்டினேன். அதில் எது சாப்பிடலாம், எது கூடாது என்று அவளுக்கே சந்தேகம். திண்டாடி ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. கையால் எடுக்கச் சொன்னது நான்தான் என்றேன். அது அவளுக்குத் தெரிந்ததுதானே, ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. கடித்த பிறகும் நான் உடனே வரவில்லை, அங்கேயே இருந்து படம் எடுத்தேன் என்றேன்.

"நாலு வட்டம்" என்றாள் ஞானபாய்.

மீதிப் பழப்பையைத் தரையில் வைத்தேன்.

"அந்த டிக் டிக் சத்தம். நான் கேட்டுட்டுதான் இருந்தேன். கை எரியுது. இப்பம் வருவாங்க, இப்பம் வருவாங்கன்னு பாத்தேன். நாலு வட்டம் கேட்டபிறகு வந்தியள்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். தாசையனிடம்கூட.

ஆப்பிளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன்.

"பதினேழு வருசமா இந்தத் தோட்டத்துல வெட்டுகேன் டீச்சர். எத்தன மரம் வெட்டினே, பாலு எவ்வளவு, இதத்தவிர எனக்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல. நீங்கதான் வந்து, இது எது, அது எங்க கெடக்கும், எப்பம் முட்ட போடும்னு கேட்டிய. கேட்டு எழுதிக்கிட்டிய. அதுனாலதான் கைய வச்சேன். சுருட்டைன்னு எனக்குத் தெரியாதா? மாட்டேன்னு சொன்னா அடுத்த சனி வராம இருந்திருவியளோன்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் உள்ளிருந்து ஒரு டம்ளர் சாயா கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். இடது கையால்தான் கொண்டுவந்தாள். அவளுக்கு இல்லை, அவள் பாட்டில் அளவு கெட்டுவிடும்.

புத்தகம் டிசம்பரில் வருகிறது, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவள் பெயர் வரும்படி எழுதிக்கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அதைக் கேட்டால் அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். கொள்ளாம், நல்லதுதான் என்றாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அங்கே இங்கே கேட்டு அவளுக்கு உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலை பார்க்கிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

புறப்படும்போது அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றேன். பழக்கத்தில் சொன்னதுதான்.

"டீச்சர்" என்று கூப்பிட்டாள். படியில் நின்றேன்.

"வராதீங்கன்னு சொல்லல்ல. நீங்க வந்தா நான் சிரிக்கணும். சாயா போட்டுத் தரணும், ஒண்ணும் இல்ல டீச்சர்னு சொல்லணும். அதுக்கு இப்பம் எனக்கு ஏலாது. கொஞ்சநாள் போட்டும். முடியும்போது நானே போன்ல விளிக்கேன்."

சரி என்றேன்.

தோட்டத்துக்குள் இறங்கி நடந்தேன். புதுப் பெண் எழுந்து வாளியோடு பால் எடுக்க ஆரம்பித்திருந்தாள். வழி தவறிவிட்டதா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன்.

செப்டம்பர் 23, சனி

போகவில்லை.

செப்டம்பர் 30, சனி

மழை. துணி காயவில்லை. கோதண்டம் அட்டையை அனுப்பியிருக்கிறார், தவளை நன்றாக இருக்கிறது. குலசேகரத்தில் ஒரு தையற்கடையில் பொத்தான் வைக்க ஆள் கேட்கிறார்கள், அதற்கும் விரல் மடங்க வேண்டும். வேறு இடம் பார்க்க வேண்டும். போன் இரண்டு முறை அடித்தது. முதலில் காஸ்காரர். இரண்டாவது யாரென்று பார்க்காமலே எடுத்து, "சொல்லு ஞானபாய்" என்றேன். தவறான எண்.